ஒன்று நின்று போனால்?

எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டிக்கு வயது எண்பத்திரண்டு. கண் கொஞ்சம் மங்கல், காது கொஞ்சம் மந்தம். ஆனால் கேள்வி கேட்பதில் எந்த வக்கீலும் அவள் பக்கத்தில் நிற்க முடியாது. போன மாதம் அவளுடைய பேத்தி மேல்படிப்புக்காக அமெரிக்கா புறப்பட்டாள். வீடெல்லாம் ஊறுகாய் வாசனையும் பருப்புப்பொடி வாசனையும்தான். பெட்டியை நிறுத்துப் பார்ப்பதும், இரண்டு கிலோ அதிகம் என்று ஒரு புடவையை வெளியே எடுப்பதும், மனசு கேட்காமல் அதையே மறுபடி உள்ளே வைப்பதுமாக ஒரே அமர்க்களம்.

அந்த அமளிக்கு நடுவே பாட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா, நீதான் பத்திரிகையிலே எழுதறவனாச்சே, உனக்குத் தெரிஞ்சிருக்கும். இவ போற விமானத்துக்கு எத்தனை எஞ்சின்?"

"இரண்டு, பாட்டி."

"ரெண்டுதானா? என் பிள்ளை அந்தக் காலத்திலே பம்பாயிலேருந்து ஜம்போவிலே போனானே, அதுக்கு நாலு எஞ்சின். நானே நின்னு எண்ணிப் பார்த்தேன். நாலு இருந்த இடத்திலே இப்போ ரெண்டுன்னா என்ன அர்த்தம்? சிக்கனமா? நடு சமுத்திரத்திலே ஒண்ணு நின்னு போச்சுன்னா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, பாட்டி" என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது. வழியனுப்பிவிட்டு வீடு திரும்பும் தாய்மார்கள் எத்தனை பேர் இதே கேள்வியை வாய் விட்டுக் கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் தூங்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! ஆகவே, இந்த வாரம் பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதிலையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு சங்கதி. பாட்டியின் கேள்வி புதிதல்ல. 1932-ல் ஒரு விமானக் கம்பெனி இதே கேள்வியைக் கேட்டது. அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான், நம் நாட்டிலும் டகோட்டா என்ற பெயரில் பல வருஷம் பறந்த அந்த இரட்டை எஞ்சின் விமானம்.

*

1931-ம் வருஷம் மார்ச் 31-ந் தேதி. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்தில், பஸார் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு விமானம் புல்வெளியில் விழுந்தது. அதில் இருந்த எட்டுப் பேரும் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் நூட் ராக்னி. நாத்ர தாம் சர்வகலாசாலையின் கால்பந்துப் பயிற்சியாளரான அவரை அறியாத வீடு அன்றைய அமெரிக்காவில் இல்லை. தேசமே துக்கம் கொண்டாடியது.

அந்த விமானம் ஃபோக்கர் என்ற ஜாதியைச் சேர்ந்தது. அதற்கு எஞ்சின் ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று! ஆனால் அவளுக்கு மூக்கு, காது, கழுத்து எல்லாவற்றிலும் நகை இருந்தும் காலில் பலம் இல்லை என்கிற கதையாக, அதன் இறக்கை மரத்தால் ஆனது. மரச் சட்டங்களையும் ஒட்டுப் பலகைகளையும் பசையால் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஈரம் புகுந்து பசை விட்டுப்போனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அந்த இறக்கைதான் ஆகாயத்தில் முறிந்தது.

அமெரிக்க அரசு அந்த ஜாதி விமானங்களை நிறுத்திவைத்துப் பரிசோதிக்கச் சொல்லியது. ஜனங்களோ அரசின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. மர இறக்கை என்றாலே டிக்கெட் வாங்க மறுத்தார்கள். விபத்துக்குள்ளான விமானம் டி.டபிள்யூ.ஏ. என்ற கம்பெனிக்குச் சொந்தமானது. உலோகத்தாலான புது விமானம் கிடைக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்ற நிலைமை அதற்கு.

அப்போது போயிங் கம்பெனி 247 என்ற விமானத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 1933 பிப்ரவரியில் அது முதல் முறையாகப் பறந்தது. முழுவதும் உலோகம். இரண்டு எஞ்சின். பறக்கும்போது சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும். பத்துப் பேர் உட்காரலாம். ஒரே ஒரு அசௌகரியம்: இறக்கையைத் தாங்கும் உத்தரம் பிரயாணிகள் நடக்கும் வழியின் குறுக்கே சென்றது. வாசற்படியைத் தாண்டுவதுபோல் அதைத் தாண்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

டி.டபிள்யூ.ஏ. எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டது. போயிங்குக்கோ யுனைட்டெட் கம்பெனி உறவு வீடு. "அவர்களுக்கு 60 விமானம் செய்து கொடுத்த பிறகுதான் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்கு முதல் நாள் தையற்காரர், "அந்த வீட்டு ரவிக்கை அறுபதையும் முடித்துவிட்டு உங்களுடையதை எடுக்கிறேன்" என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

டி.டபிள்யூ.ஏ.வின் பொறுப்பாளர்களில் ஒருவரான ஜாக் ஃப்ரை என்பவர் தாமே விமானி. அவர் கையைப் பிசைந்துகொண்டு உட்காரவில்லை. 1932 ஆகஸ்ட் 2-ந் தேதி விமானம் செய்யும் சில கம்பெனிகளுக்கு மிகச் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதினார். முழுவதும் உலோகம், மூன்று எஞ்சின், குறைந்தது 12 பிரயாணிகள், மணிக்கு 146 மைல் வேகத்தில் சீரான பயணம், மூன்றில் எந்த இரண்டு எஞ்சின் ஓடினாலும் எங்கள் விமான நிலையங்களில் எதிலிருந்தும் நல்லபடியாகக் கிளம்ப வேண்டும், செய்ய முடியுமா?

அந்தக் கடிதங்களில் ஒன்று கலிபோர்னியாவில் சாண்டா மோனிகா என்ற கடற்கரை ஊரில் இருந்த டொனால்டு டக்ளஸ் என்பவருக்குப் போய்ச் சேர்ந்தது.

*

டக்ளஸும் அவருடைய நிபுணர்களும் கூடிப் பேசினார்கள். மூன்று எஞ்சின் எதற்கு என்பதுதான் அவர்களுக்குத் தோன்றிய முதல் கேள்வி. மூன்றாவது எஞ்சினை விமானத்தின் மூக்கில் வைக்க வேண்டும். அதன் இரைச்சல், புகை, அதிர்ச்சி எல்லாம் நேரே பிரயாணிகள் இருக்கும் இடத்துக்குள் வரும். மேலும், எஞ்சின் கூடக் கூடக் கெட்டுப்போகக்கூடிய பொருளும் ஒன்று கூடுகிறது அல்லவா? நல்ல பலமான எஞ்சினாக இரண்டு போதும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள்.

டக்ளஸின் நிபுணர்களில் ஒருவர் ஆர்தர் ரேமண்ட். முப்பத்து மூன்று வயது. அவரும், நிர்வாகி ஹாரி வெட்ஸலும் பேரம் பேச நியூயார்க்குக்குப் புறப்பட்டார்கள். எதில் போனார்கள் தெரியுமா? ரயிலில்! விமானம் விற்கப் போகிறவர்கள் ரயிலில் போனால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் கணக்குப் போட்டுக்கொண்டே போக அந்த நாட்கள் தேவைப்பட்டன.

நியூயார்க்கில் டி.டபிள்யூ.ஏ.வுக்கு யோசனை சொல்ல ஒருவர் உட்கார்ந்திருந்தார். சார்லஸ் லிண்ட்பெர்க்! 1927-ல் ஒற்றை எஞ்சின் விமானத்தில் தன்னந்தனியாக அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிய அதே மனிதர். ஒரே எஞ்சினை நம்பி 33 மணி நேரம் ஆகாயத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பிறர் சொல்லித்தரத் தேவையில்லை.

இரண்டு எஞ்சினுக்குச் சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார் அவர். முழுப் பாரத்துடன் கிளம்பும்போது ஒரு எஞ்சின் நின்று போனாலும், மீதி ஒன்றைக் கொண்டே விமானம் மேலே ஏற வேண்டும். அதுவும் எங்கோ சமவெளியில் அல்ல, டி.டபிள்யூ.ஏ. உபயோகிக்கும் எந்த விமான நிலையத்திலிருந்தும், மிக உயரத்தில் இருப்பதிலிருந்துகூட ஏற வேண்டும்.

இது ஏன் கடினம்? ஜோடி மாடு பூட்டிய வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு படுத்துவிட்டால் பலம் பாதியாகிறது. அது மட்டுமா? மற்ற மாடு இழுக்க இழுக்க, வண்டி படுத்த மாட்டின் பக்கமே திரும்பும். விமானமும் அப்படித்தான். நின்ற எஞ்சின் பக்கம் மூக்கு திரும்பும். விமானி எதிர்ப் பக்கத்து மிதியைக் காலால் அழுத்தி அதை நேராக்க வேண்டும். உயரமான இடத்திலோ காற்று மெலிவு. இறக்கைக்கும் பிடிப்புக் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சுக் குறைவு.

ரேமண்ட் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். பிறகு சாண்டா மோனிகாவில் இருந்த டக்ளஸுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். முடியும் என்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிச்சயம், ஆனால் மீதிப் பத்துப் பங்கு தம்மைத் தூங்கவிடவில்லை என்று. டக்ளஸ் பின்வாங்கவில்லை. செப்டம்பர் 20-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

நேயர்களே, அந்தப் பத்துப் பங்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி அதற்கு வருவோம்.

*

திரும்பும்போது ரேமண்ட் ஒரு காரியம் செய்தார். ரயிலை விட்டு, டி.டபிள்யூ.ஏ.வின் மூன்று எஞ்சின் ஃபோர்டு விமானத்தில் ஏறினார். அதில் ஏறும் பிரயாணிகளுக்குக் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள். அப்படியும் இரைச்சல் தாங்காது. உடம்பெல்லாம் அதிரும். தேங்கிய தண்ணீரில் இறங்கியபோது காற்றுத் துவாரங்கள் வழியாகச் சேறு உள்ளே தெறித்தது.

பிரயாணிக்கு வேண்டியது என்ன என்று அவர் அன்று அனுபவத்தில் தெரிந்துகொண்டார். வேகமும் பத்திரமும் மட்டும் போதாது. மனிதன் மனிதனாக உட்கார்ந்து போக வேண்டும். ஆகவே புது விமானத்தில் நிமிர்ந்து நடக்கும் உயரம், இரைச்சலைத் தடுக்கும் சுவர், நல்ல நாற்காலி, சூடும் காற்றோட்டமும் எல்லாம் சேர்ந்தன. இறக்கையின் உத்தரம் தரைக்குக் கீழே போயிற்று. யாரும் எதையும் தாண்ட வேண்டாம்.

இந்த முதல் விமானத்துக்கு டி.ஸி.1 என்று பெயர். அதைச் செய்ய மூன்று லட்சம் டாலருக்கு மேல் செலவாயிற்று. டி.டபிள்யூ.ஏ. கொடுத்ததோ 1,25,000 டாலர். பொருளாதார மந்தத்தில் உலகமே தத்தளித்த காலம் அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

1933 ஜூலை 1-ந் தேதி டி.ஸி.1 முதன் முதலாகப் பறந்தது. தொழிற்சாலை ஆட்கள் எல்லாம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். விமானி கார்ல் கவர் கிளப்பினார். மூக்கு மேலே தூக்கியதும் எஞ்சின் இருமிற்று, நின்றது. மூக்கைத் தாழ்த்தினார், எஞ்சின் உயிர் பெற்றது. மறுபடி தூக்கினார், மறுபடி நின்றது. ஏறுவதும் தாழ்வதுமாக எப்படியோ கொஞ்சம் உயரம் பிடித்து, சுற்றிக்கொண்டு வந்து பத்திரமாக இறக்கிவிட்டார். பார்த்தவர்கள் அப்போதுதான் மூச்சு விட்டிருப்பார்கள்!

காரணம் என்ன? பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டரில் உள்ள மிதவை திசை மாறி அமைந்திருந்தது. மூக்கு தூக்கினால் பெட்ரோல் வராது. கார்புரேட்டரை அரை வட்டம் திருப்பி வைத்தார்கள், நோய் தீர்ந்தது. இத்தனை பெரிய காரியம் எவ்வளவு சிறிய பொருளில் தொங்கிக்கொண்டிருக்கிறது, பாருங்கள்!

*

பெரிய பரீட்சை செப்டம்பர் 4-ந் தேதி வந்தது. இடம் அரிஸோனா மாகாணத்தில் வின்ஸ்லோ. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,900 அடி உயரம். டி.டபிள்யூ.ஏ.வின் உயரமான விமான நிலையங்களில் ஒன்று. சோதனை விமானி எட்டி ஆலனும், டி.டபிள்யூ.ஏ.வின் டாமி டாம்லின்சனும் உட்கார்ந்தார்கள். முழுப் பாரம் ஏற்றியாயிற்று. ஓடுபாதையில் ஓடி, கிளம்பும் தறுவாயில் ஒரு எஞ்சினை நிறுத்தினார்கள். வேண்டுமென்றே!

விமானம் ஏறிற்று. மெள்ள மெள்ள ஏறிற்று. ஒற்றை எஞ்சினிலேயே மலைகளைத் தாண்டி, சுமார் 240 மைல் தூரத்தில் உள்ள ஆல்புகெர்க்கி வரை போய் இறங்கிற்று.

அது எப்படிச் சாத்தியமாயிற்று? எஞ்சின் ஒவ்வொன்றும் சுமார் 700 குதிரைசக்தி உள்ளது என்பது ஒரு காரணம். இன்னொன்று சுழலும் விசிறி. ஓலை விசிறியை நாம் சாய்த்துப் பிடித்தால் ஒரு மாதிரி காற்று, நிமிர்த்திப் பிடித்தால் வேறு மாதிரி காற்று. அதேபோல் இந்த விமானத்தில் எஞ்சின் விசிறியின் இலைகள் கிளம்பும்போது ஒரு சாய்விலும் மேலே போன பிறகு வேறு சாய்விலும் நின்றன. இருக்கிற பலம் வீணாகாமல் முழுவதும் உபயோகப்பட்டது. ரேமண்டின் கணக்கு சரி என்று வானமே சாட்சி சொல்லிவிட்டது.

டி.ஸி.1 ஒன்றே ஒன்றுதான் செய்யப்பட்டது. அதைச் சற்று நீட்டி, 14 பேர் உட்காரும் டி.ஸி.2 ஆக்கினார்கள். 1934-ல் லண்டனிலிருந்து மெல்போர்ன் வரை நடந்த பெரிய விமானப் போட்டியில் டச்சுக்காரர்களின் டி.ஸி.2 ஒன்று பிரயாணிகளையும் ஏற்றிக்கொண்டு, நம் அலகாபாத் வழியாகப் பறந்து இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது பந்தயத்துக்கென்றே செய்த சிறு விமானம். மூன்றாவதாக வந்தது யார்? "வரிசையில் நில்" என்று சொன்ன போயிங்கின் அதே 247!

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ஸி.ஆர். ஸ்மித் படுத்துத் தூங்கிப் போகும் விமானம் வேண்டும் என்று கேட்டார். டக்ளஸ் முதலில் தயங்கினார், ஸ்மித் விடவில்லை. உடல் அகலமாயிற்று. இரவில் 14 படுக்கை, பகலில் 21 நாற்காலி. அதுதான் டி.ஸி.3. அது முதன் முதலாகப் பறந்தது 1935 டிசம்பர் 17. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 வருஷம் ஆன நாள்.

பெண்மணிகளுக்கு இங்கே ஒரு விசேஷச் செய்தி. விமானத்தில் பணிப்பெண்கள் வந்ததும் பிரயாணிகளின் பயத்தினால்தான். எல்லன் சர்ச் என்ற நர்ஸ் விமானம் ஓட்டவும் பயின்றவர். விமானியாக வேலை கிடைக்கும் என்று வாசலில் போய் நின்றார். அது கிடைக்கவில்லை. "சரி, பெண்களே தைரியமாக விமானத்தில் வேலை செய்தால் ஜனங்களுக்குப் பயம் குறையுமே" என்று வாதாடினார். 1930-ல் உலகின் முதல் விமானப் பணிப்பெண் ஆனார். டி.ஸி.3 காலத்துப் பணிப்பெண்கள் பலரும் படித்துத் தேறிய நர்ஸுகள். கல்யாணம் ஆனால் வேலை போய்விடும்! ஆகாயத்தில் எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று அத்தனை யோசித்தவர்கள், பூமியில் இந்த அநியாயத்தை யோசிக்கப் பல வருஷம் ஆயிற்று.

*

பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்துக்காகப் பத்தாயிரத்துக்கும் அதிகமாகச் செய்தார்கள். ஆங்கிலேயர் அதற்கு டகோட்டா என்று பெயர் வைத்தார்கள். அஸ்ஸாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்கும், முற்றுகையில் சிக்கிய இம்பாலுக்கும் அது சாமான் சுமந்தது. 1941-ல் சீனாவில் ஒரு டி.ஸி.3-ன் இறக்கை குண்டுவீச்சில் சிதைந்தது. அதற்கு மாற்று இறக்கை இல்லை. கிடைத்தது ஒரு டி.ஸி.2-ன் இறக்கை, சுமார் ஐந்து அடி குட்டை. அதையே ஹாங்காங்கிலிருந்து இன்னொரு விமானத்தின் வயிற்றில் கட்டிக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஒரு கை முழு நீளம், ஒரு கை முக்கால் நீளம் என்று தைத்த சட்டைபோல் அது பறந்தே போய்விட்டது! டி.ஸி. இரண்டரை என்று அதற்குப் பட்டப்பெயர்.

யுத்தம் முடிந்ததும் மிச்சம் இருந்தவை மலிவாக வந்தன. நம் நாட்டில் விமானக் கம்பெனிகள் புற்றீசல்போல் முளைத்தன. 1947 அக்டோபர் 27-ந் தேதி ஸ்ரீநகருக்கு நம் சிப்பாய்களைக் கொண்டுபோய் இறக்கியது டகோட்டா. 1949-ல் இரவுத் தபால் விமானங்கள் தொடங்கின. சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் விமானங்கள் புறப்பட்டு நாகபுரியில் சந்தித்துக்கொள்ளும். நடுநிசியில் தபால் பைகளை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பும். டில்லியில் நேற்றுப் போட்ட கடிதம் மயிலாப்பூர் வீட்டுத் திண்ணைக்கு மறுநாள் வந்தது இப்படித்தான். 1953-ல் எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியபோது, அதற்குக் கிடைத்த விமானங்களில் பெரும்பாலானவை டகோட்டாக்களே.

இதுவரை நல்லதையே சொன்னேன். பாட்டியிடம் பாதி உண்மை சொல்லக் கூடாது.

வின்ஸ்லோவில் வெற்றி பெற்ற அந்த டி.ஸி.1 பல கை மாறி ஸ்பெயின் தேசத்துக்குப் போயிற்று. 1940 டிசம்பரில் மலாகா என்ற ஊரிலிருந்து கிளம்பியதும் அதன் எஞ்சின் ஒன்று கெட்டது. விமானம் வயிறு உரசத் தரையிறங்கி, அத்துடன் ஆயுள் முடிந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

நாகபுரியில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1953 டிசம்பர் 12. இரவுத் தபால் டகோட்டா ஒன்று கிளம்பிய சற்று நேரத்தில் ஒரு எஞ்சின் வலுவிழந்தது. விமானம் விழுந்து எரிந்தது. 13 பேர் மாண்டார்கள். தொழிலாளர் தலைவரும் பார்லிமெண்ட் அங்கத்தினருமான ஹரிஹரநாத் சாஸ்திரி அவர்களில் ஒருவர். பிழைத்தவர் விமானி ஒருவரே.

வின்ஸ்லோவில் எந்த எஞ்சின், எந்த விநாடியில் நிற்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும். நள்ளிரவில் வரும் ஆபத்து அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பத்துப் பங்கு என்று ரேமண்ட் சொன்னது இதைத்தான்.

*

அந்தப் பத்துப் பங்கை விமான உலகம் எப்படிக் குறைத்தது என்பதுதான் பாட்டிக்கு நான் சொல்லும் பதிலின் சாரம்.

முதலாவது, கணக்கு. இன்று பெரிய பிரயாண விமானம் எதுவானாலும் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும், அன்றைய பாரம், வெயில், காற்று, ஓடுபாதையின் நீளம் எல்லாம் பார்த்து ஒரு வேகத்தைக் குறித்துவைக்கிறார்கள். அந்த வேகத்துக்குள் எஞ்சின் நின்றால், நிறுத்திவிட வேண்டும்; பாதை மிச்சம் இருக்கும். அதைத் தாண்டிய பின் நின்றால், நிறுத்தக் கூடாது. மற்ற எஞ்சினைக் கொண்டே ஏறிவிட வேண்டும். அதற்கு வேண்டிய பலம் இருக்கிறது என்று நிரூபித்த பிறகுதான் விமானத்துக்கு அனுமதியே. லிண்ட்பெர்க்கின் நிபந்தனை இன்று சட்டம்.

இரண்டாவது, பழக்கம். தரையிலேயே நிற்கும் போலி விமானக் கூண்டில் விமானிகளை உட்காரவைத்து, கிளம்பும் விநாடியில் ஒரு எஞ்சினை நிறுத்திப் பரீட்சை பார்க்கிறார்கள். ஒரு தடவை தேறினால் போதாது. உத்தியோகத்தில் இருக்கும் வரை மறுபடி மறுபடி. பிரயாணத்தில் எஞ்சின் நிற்பதையே பார்க்காமல் ஓய்வு பெறும் விமானிகள் பலர். ஆனால் கூண்டுக்குள் அதைப் பார்க்காத விமானி இல்லை.

மூன்றாவது, எஞ்சின். டகோட்டாவின் எஞ்சினில் உரலில் உலக்கை ஏறி இறங்குவதுபோல் பாகங்கள் ஏறி இறங்கும். இடித்து இடித்துத் தேயும். ஜெட் எஞ்சின் ஆட்டுக்கல்போல் சுற்றுகிறதே தவிர இடிப்பதில்லை. கெடுவது மிக மிக அரிது.

அப்படியும் உடனே நம்பிவிடவில்லை. இரட்டை எஞ்சின் விமானம், ஒற்றை எஞ்சினில் 60 நிமிஷத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய தூரத்துக்குள்ளேயே பறக்க வேண்டும் என்று 1953-ல் அமெரிக்க அரசு விதித்தது. அதனால்தான் சமுத்திரம் தாண்ட நாலு எஞ்சின் தேவைப்பட்டது. பாட்டியின் பிள்ளை போன ஜம்போவும் அந்தக் காலத்துக் குழந்தையே. எஞ்சின்கள் நம்பிக்கைக்குப் பாத்திரமாக ஆக, அந்த எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். 1985 பிப்ரவரியில் இரட்டை எஞ்சின் போயிங் ஒன்று, 120 நிமிஷ எல்லை என்ற புது அனுமதியுடன் முதல் தடவையாக பாஸ்டனிலிருந்து பாரிஸுக்கு அட்லாண்டிக்கைத் தாண்டிற்று. அது எந்தக் கம்பெனியின் விமானம் என்று நினைக்கிறீர்கள்? டி.டபிள்யூ.ஏ.! 1932-ல் கேள்வி கேட்ட அதே கம்பெனி, 53 வருஷம் கழித்து அதே கேள்விக்குச் சமுத்திரத்தின் மேல் பதில் சொல்லிற்று.

பிறகு அந்த எல்லை மூன்று மணி நேரமாயிற்று. அதற்கு மேலும் போயிற்று. ஜம்போ செய்வதையே நிறுத்தி, கடைசி விமானத்தை 2023-ல் கொடுத்துவிட்டார்கள். பெட்ரோல் சிக்கனமும் ஒரு காரணம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உயிரில் சிக்கனம் பிடித்து இரண்டாக்கவில்லை. ஒன்று நின்றாலும் மற்றது கரை சேர்க்கும் என்று அரை நூற்றாண்டு பரீட்சித்த பிறகே இரண்டாக்கினார்கள்.

*

பேத்தி பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, ஊறுகாய் பாட்டில் உடையவில்லை என்று தகவலும் வந்த பிறகு, ஒரு சாயங்காலம் இத்தனையும் பாட்டிக்குச் சொன்னேன். மாட்டு வண்டியும் ஆட்டுக்கல்லும் அவளுக்கு உடனே புரிந்துவிட்டன. வின்ஸ்லோவில் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்திய இடத்தில், "அடப் பாவிகளா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நாகபுரிக் கதை கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

பிறகு, "அப்போ நான் பிள்ளையாருக்கு உடைச்ச தேங்காய் வீண்தானா?" என்று கேட்டாள்.

"வீணாகுமா, பாட்டி? கணக்குப் போட்டவரே தொண்ணூறு பங்குதான் தம் பொறுப்பு என்றார். மீதிப் பத்துக்கு நீங்கள் உடைத்ததாக இருக்கட்டும்."

பாட்டி சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"தொண்ணூறு சரியா இருக்குன்னு போய்ப் படுத்துக்கலையே. மீதிப் பத்துக்காகத் தூக்கம் வராம கிடந்தானே, யார் பெத்த பிள்ளையோ, அவன் நூறு வயசு இருந்திருக்கணும்."

அவள் ஆசீர்வாதம் முன்னாலேயே பலித்துவிட்டது. ஆர்தர் ரேமண்ட் 1999 மார்ச் 22-ந் தேதி காலமானார். நூறாவது பிறந்த நாளுக்கு இரண்டே நாள் பாக்கி.